மருமகளை நிறுத்தப் போனவன்

வடமாலபேட்டை,
ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை.

கங்காதர நெல்லூரில் கரும்புத் தோட்டமும் கௌரவமுமாக வாழ்ந்துவரும் சம்பந்தி முனுசாமி அவர்களின் சமூகத்துக்கு, வடமாலபேட்டை ரிட்டயர்டு பஸ் டிரைவர் அப்பாவு மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி ரத்தினம்மா, மகன் சீனு, உங்கள் மகளும் என் மருமகளுமான ரூபா ஆகிய நால்வரும் ஏழுமலையான் புண்ணியத்தில் சௌக்கியம். என் இரண்டு கால் கட்டைவிரல் நகங்கள் மட்டும் சௌக்கியமாக இல்லை. அவை போன மாதமே என்னைவிட்டுப் பிரிந்துவிட்டன. அங்கே நீங்கள், எனக்குத் தங்கச்சி முறையான உங்கள் மனைவி வரலட்சுமி, மாடு, கன்று, மோட்டார் பம்ப் அனைத்தும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. போனில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீங்கள் நான்கு வாக்கியம் முடித்துவிடுகிறீர்கள். இது நடுவில் யாரும் பேசாமல் முழுசாகச் சொல்லவேண்டிய விஷயம். ஆகவே வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கவும்.

போன ஆடி மாதக் கடைசியில் நீங்கள் எனக்குப் போன் செய்தது நினைவிருக்கும். "சம்மந்தி, எம் பொண்ணு காலங்காத்தால ஹைவே ரோட்டுல ஓடிக்கினு கீறாளாமே. கட்டிக் குடுத்த பொண்ணு பேண்டு மாட்டிக்கினு ஓடனா நாலு பேர் இன்னா பேசுவான்? நீங்க பெரியவங்க, ஒரு வார்த்த சொல்லி நிறுத்திப்புடுங்க" என்றீர்கள். நானும் சரி என்று வாக்குக் கொடுத்தேன். முப்பத்தொரு வருடம் பிரேக் மிதித்தே பிழைத்தவனுக்கு ஒரு பெண்ணை நிறுத்துவது பெரிய வேலையா என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் சொல்ல வழியில்லை. ரத்தினம்மா முழுக்க முழுக்க ரூபா கட்சி. நான் வாயைத் திறந்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. சாயங்காலம் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் அந்தப் பெண் களைத்து இறங்கும்போது சொல்லவும் மனசு வரவில்லை. சரி, ரோட்டிலேயே, அவள் ஓடும் இடத்திலேயே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அப்படிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவளை எட்டிப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்குத்தான் உறைத்தது.

முதல் நாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு கிளம்பினேன். அவள் நூறடி முன்னால் புத்தூர் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். காதில் பாட்டு மாட்டியிருந்தாள், கூப்பிட்டால் கேட்காது. நான் வேகத்தைக் கூட்டினேன், அவளும் கூட்டிய மாதிரி இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு செருப்பின் வார் அறுந்தது, அதற்கடுத்த மின்கம்பத்தில் என் மூச்சு அறுந்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். "மாமா, வாக்கிங்கா? நல்லது" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள். மறுநாள் செருப்பு வேண்டாம் என்று டிரைவர் வேலையில் போட்ட கறுப்புத் தோல் ஷூவை எடுத்தேன். ஆறு வருடம் பரணில் கிடந்து மரக்கட்டையாகியிருந்தது. ஆனாலும் அன்று கால்நடை ஆஸ்பத்திரியைத் தாண்டிவிட்டேன். அதற்கு மறுநாள் டோல்கேட் பலகை வரை. இப்படி நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எல்லை நகர்ந்ததே தவிர, எனக்கும் அவளுக்கும் நடுவே இருந்த நூறடி நகரவில்லை. டீக்கடை சிட்டிபாபு தினமும் பாய்லர் பற்றவைத்துக்கொண்டே எங்களைப் பார்ப்பான். ஒருநாள், "இன்னா அப்பாவண்ணா, கோடலு முன்னால ஓடுது, மாமனாரு பின்னால ஓடறீங்க, வூட்டுல எதனா தகராறா?" என்று கேட்டான். மருமகள் ஓடினால் நாலு பேர் பேசுவார்கள் என்றீர்கள், சம்பந்தி. நான் பின்னால் ஓட ஆரம்பித்ததும் நாற்பது பேர் பேசினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ரோட்டில் நான் பஸ் ஓட்டியது எத்தனை ஆயிரம் தடவை என்று கணக்கில்லை. இதில் ஏற்றம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. கியரை மாற்றினால் போய்விடும், அவ்வளவுதான். காலால் ஓடும்போதுதான் வடமாலபேட்டையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மேடு என்பதும், திரும்பி வரும்போது அது எப்படியோ மறுபடியும் மேடாகிவிடுகிறது என்பதும் தெரிந்தது. அந்த மேடுகளில் பஸ் இரைச்சலில்லாமல் விடிவதைப் பார்ப்பது நன்றாகவும் இருந்தது. இதை நான் அப்போது யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆறாவது வாரத்தில் ஒருநாள், நாலாவது கிலோமீட்டரில் உள்ள சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் ரூபா உட்கார்ந்திருந்தாள். எனக்காகத்தான். இதோ பிடித்துவிட்டோம், இப்போது சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். காற்று உள்ளே போனதே தவிர வார்த்தை வெளியே வரவில்லை. "மொதல்ல மூச்ச வுடுங்க மாமா" என்றாள். "ஓடறப்போ பேச முடியணும். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். நீங்க மெதுவா ஓடினா ரொம்ப தூரம் போலாம்." தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை வயல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். கம்பெனியில் எட்டு மணி நேரம் பூதக்கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்னச் சாமான்களைப் பார்த்துக் கீறல் இருக்கிறதா என்று சொல்வதுதான் அவள் வேலை. "நாள் பூரா தப்பு தேடற வேல மாமா. வூட்டுக்கு வந்தா, அங்க எத்தினி பேரு, இங்க எத்தினி பேரு, நான் சரியா கீறேனான்னு பாத்துக்கினே கீறாங்க. இந்த ஒரு மணி நேரந்தான் யாரும் என்ன செக் பண்றதில்ல." சம்பந்தி, அந்த ஒரு மணி நேரத்தையும் செக் பண்ண வந்தவன் நான்தான். உங்கள் வார்த்தை என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் அதைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும். அதற்குள் அவள் என் காலைப் பார்த்துவிட்டாள். தோல் ஷூவுக்கு வெளியே சாக்ஸில் ரத்தம். "இதப் போட்டுக்கினா இம்மாம் தூரம் வந்தீங்க?" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னைத் திருப்பதிக்கு ஷூக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கடையில் ஹர்ஷினி என்று ஒரு பெண். நான் போனதும், "எட்டாம் நம்பர் குடும்மா, கறுப்பு" என்றேன். "அங்கிள், கால காட்டுங்க" என்றாள். கல்யாணத்திலிருந்து நான் எட்டாம் நம்பர்தான் என்றேன். அவள் ஒரு பலகையில் என் பாதத்தை வைத்து அளந்து, ஒன்பதரை என்றாள். நாற்பது வருடமாக ஒன்றரை நம்பர் குறைவாக நடந்திருக்கிறேன். மாமா ஏன் எப்போதும் கோபமாக இருந்தார் என்பது இப்போதுதான் புரிகிறது என்று ரூபா சீனுவிடம் சொன்னதாகக் கேள்வி. சாயங்காலத்தில் கால் கொஞ்சம் வீங்கும், ஓடினாலும் வீங்கும், அதனால் விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டுமாம். பிறகு ட்ரெட்மில் என்று ஒரு ஓடுகிற தரையில் ஏற்றினாள். நான் நின்றேன், தரை போய்விட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முகம் முன்னாலும் மற்றதெல்லாம் பின்னாலுமாகத் தொங்கினேன். இரண்டாம் தடவை பழகிவிட்டது. என் பாதம் தட்டை என்றும், உள்பக்கம் சாய்கிறது என்றும் அவள் வீடியோ எடுத்துக் காட்டினாள்.

அடுத்து ஒரு ஷூவைக் கொடுத்தாள். மாட்டினால் இலவம்பஞ்சு மெத்தைமேல் நின்ற மாதிரி இருந்தது. அடிப்பாகம் மட்டும் ஒரு செங்கல் உயரம். இதுதான் வேண்டும் என்று நான் கழற்ற மறுத்தேன். "மெத்துனு இருந்தா நல்ல ஷூன்னு கெடையாது அங்கிள். உங்க காலுக்கு இது ரொம்ப மெத்து. கணுக்கால் ஆடும். அடி வாங்கிக்கற அளவுக்கு மெத்து வேணும், ஆனா பக்கத்துல சாயக்கூடாது" என்றாள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பட்டை ஸ்பிரிங் ரொம்ப இளகிப்போன பஸ், பள்ளத்தில் சுகமாக இருக்கும், மலைப்பாதை வளைவில் திருப்பினால் ஒருபக்கம் படுத்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் என்னை மரியாதையாகப் பார்த்தாள், அடுத்து வந்தவர்களுக்கும் அதையே சொல்ல ஆரம்பித்தாள். கடைசியில் என் அகலத்துக்கும் தட்டைக்கும் சரியாக வந்த மெத்து ஷூ ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. நிறம் ரோஸ். சாதாரண ரோஸ் இல்லை, கல்யாண மண்டப சீரியல் லைட் மாதிரியான ரோஸ். மறுநாள் சிட்டிபாபு பாய்லரை விட்டுவிட்டு ரோட்டுக்கே வந்து பார்த்தான். ஆனால் சம்பந்தி, அன்றைக்கு ஏழு கிலோமீட்டர் ஓடினேன். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

கால் பிரச்சினை தீர்ந்ததும் வயிறு ஆரம்பித்தது. ரத்தினம்மாவுக்கு நான் ஓடுவது பெருமை. வெறும் வயிற்றோடு ஓடுவது அவமானம். அதனால் பத்து கிலோமீட்டர் ஓடவேண்டிய ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து, நெய்யும் முந்திரியுமாகப் பொங்கல் வைத்துவிட்டாள். "நல்லா துன்னுட்டுப் போ, தெம்பு வோணாமா" என்றாள். இரண்டு தட்டு தின்றேன். மூன்றாவது கிலோமீட்டரில் பொங்கல் என்னோடு ஓட ஆரம்பித்தது. நான் இடதுகாலை வைத்தால் அது வலப்பக்கம் போனது. அன்றைக்குப் பெட்ரோல் பங்கில் இருந்த கழிவறையை எனக்குத் திறந்துவிட்ட அந்தப் புண்ணியவான் நூறு வருடம் இருக்க வேண்டும். அதற்கடுத்த வாரம் நேர்மாறு. புரட்டாசி சனிக்கிழமை, ஒருபொழுது விரதம். முதல் நாள் ராத்திரியும் சரியாகச் சாப்பிடவில்லை. பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கிளம்பினேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் எனக்கு மைல்கல் இரண்டாகத் தெரிந்தது. இரண்டில் ஒன்றில் உட்கார்ந்தேன், நல்லவேளை, நிஜமான கல்லில்தான். அப்போது என்னுடன் வேலை பார்த்த வெங்கடரமணன் ஓட்டிக்கொண்டு வந்த பஸ் நின்றது. "இன்னா அப்பாவு, வண்டிக்கா குந்திக்கினு கீற? ஏறு" என்றான். நான் மறுக்கும் நிலையில் இல்லை, ஏறிவிட்டேன். கொஞ்ச தூரத்தில் ரூபா ஓடிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் இருந்த நான் அப்படியே சீட்டில் வழுக்கிக் கீழே போனேன். வெங்கடரமணன் பழக்கதோஷத்தில் அவளுக்கு நீளமாக ஹாரன் அடித்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் என் தலை தெரியவில்லை. ஆனால் களைப்பாறட்டும் என்று கால் இரண்டையும் முன்சீட்டுக் கம்பிமேல் தூக்கி வைத்திருந்தேன். அந்த ரோஸ் நிறம் பஸ் முழுக்கத் தெரிந்தது.

அன்று மாலை ரூபா என்னையும் ரத்தினம்மாவையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். நீள ஓட்டத்துக்கு முதல் நாள் ராத்திரியே சாதமோ ராகிக் களியோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட வேண்டும், காலையில் ஒரு வாழைப்பழம் போதும், நெய்யும் முந்திரியும் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வழியிலேயே கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் உப்பும் உள்ளே போகவேண்டும். அதற்காக அவள் கம்பெனித் தோழிகள் வாங்கும் ஜெல் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தாள். இருமல் மருந்தை மைதா பசையில் கலக்கிய ருசி. ரத்தினம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். கோடையில் நம் ஊர் மாம்பழத்தில் போட்டு வெயிலில் காயவைத்த மாமிடி தாண்ட்ராவைக் கொண்டுவந்து, விரல் அகலத்துக்கு வெட்டி, உப்பில் புரட்டி, "இத்த வாயில போட்டுக்கினு ஓடு. கருமாந்தரம், பாக்கெட்டுல வித்தாத்தான் மருந்தா?" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினான்கு கிலோமீட்டர். ஒவ்வொரு நாலு கிலோமீட்டருக்கும் ஒரு துண்டு. வீடு வந்து சேர்ந்தபோது எனக்கு இன்னொரு டிரிப் அடிக்கலாம் போல இருந்தது. ரூபாவே ஜெல்லை விட்டுத் தாண்ட்ராவுக்கு மாறிவிட்டாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள், "மாமா, திருப்பதியில இருவத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டேன்" என்றாள். டாக்டரிடம் போய் இருதயம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவந்தோம். அவர், "ஓடுங்க, ஆனா யாரையும் துரத்தாதீங்க" என்றார். யார் அவரிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஓட்டம் ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கில் ஜனம். ஒரு விதி மட்டும் கடுமை: மூன்று மணி பதினைந்து நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும். அதற்குப் பிறகு ஓட்டம் முடிகிற இடத்து அலங்கார வளைவைப் பிரித்துவிடுவார்கள், மெடல் கிடையாது. ரூபா முன்வரிசையில் நின்று கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிட்டாள். நான் பேசமுடிகிற வேகத்தில் புறப்பட்டேன். பேசுவதற்கு ஆள் இல்லாததால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஸ்டாப்பிங் பெயர் சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்தில் ஓடிய இரண்டு மாணவர்கள் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். பத்து கிலோமீட்டர் அருமையாகப் போனது. பதின்மூன்றாவதில் தாண்ட்ராவின் மூன்றாம் துண்டைக் கடித்தேன். குளிரில் அது இறுகியிருந்தது. இழுத்தேன். தாண்ட்ராவும் வந்தது, அதோடு என் மேல்வரிசைப் பல்செட்டும் வந்தது.

நின்று மாட்டலாம் என்றால், கையெல்லாம் பிசுபிசுப்பு, பல்லெல்லாம் தாண்ட்ரா. நிற்கவும் பயம், நின்றால் கால் பிடித்துக்கொள்ளும். பல்லை டவுசர் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். தண்ணீர்ப் பந்தலில் ஒரு பெண் பேரேட்டை வைத்துக்கொண்டு, "தாதகாரு, மீ நம்பர் செப்பண்டி" என்று கேட்டது. என் நம்பர் எழுநூற்று இருபத்தெட்டு. தமிழிலும் சொன்னேன், தெலுங்கிலும் சொன்னேன். பல்லில்லாமல் இரண்டும் ஒரே பாஷையாகத்தான் வந்தது. அந்தப் பெண் எனக்குப் பக்கவாதம் என்று பயந்து ஆம்புலன்ஸைக் கைகாட்டிக் கூப்பிட்டுவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கினார். நான் விளக்கம் சொல்லப் பையிலிருந்து பல்லை எடுத்துக் காட்டினேன். அந்தப் பெண் ஒரு கத்துக் கத்தியது. அந்த இடத்தில் நான் ஓடிய வேகம்தான் அன்றைய என் வேகங்களிலெல்லாம் சிறந்தது என்று பிறகு கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார்கள்.

அதன் பலனைப் பதினாறாவது கிலோமீட்டரில், அலிபிரி பக்கத்து மேட்டில் அனுபவித்தேன். கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டது. நடந்தேன். மலையைப் பார்த்து, படியேறிப் போகிறவர்களைப் பார்த்து, நமக்கேன் இந்த வேலை என்று நினைத்தேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். பதினெட்டாவது கிலோமீட்டரில் என் பின்னால் குப்பை பொறுக்கும் வண்டி மட்டும்தான் இருந்தது. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து கழுத்தில் மெடலோடு ரூபா ஓடிவந்தாள். அவள் ஓட்டம் எப்போதோ முடிந்திருந்தது. "மாமா, இன்னும் இருவத்தஞ்சு நிமிஷந்தான் கீது. ரெண்டர கிலோமீட்டர். நடந்தா ஆவாது. சின்னச் சின்ன அடியா வைங்க" என்று என் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நாங்கள் இருவரும் தோளுக்குத் தோள் ஓடினோம்.

இருபதாவது கிலோமீட்டரில், இனிமேலும் மறைப்பது பாவம் என்று தோன்றியது. "உங்க நைனா... உன்ன... நிறுத்தஹ் ஹொன்னாரு. அதுக்குத்தான்... பின்னாலயே வந்தேன்" என்றேன். பல்லில்லாத வார்த்தை அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. என்னை ஒரு பள்ளத்திலிருந்து ஒதுக்கிவிட்டாள். பிறகு, "தெரியும் மாமா. மொத நாளே அம்மா போன் பண்ணிச் சொல்லிட்டாங்க" என்றாள். "அப்போ ஏன் நிக்கல?" என்றேன். "நின்னா நீங்க சொல்லிடுவீங்க. சொல்லிட்டா நான் கேட்டுத்தான் ஆவணும். ரொம்ப வேகமா போனா நீங்க வுட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவீங்க. பாவமா இருந்துது. தெனம் திரும்பித் திரும்பிப் பாத்து நூறடி வுட்டுக்கினே ஓடினேன்." சம்பந்தி, நான் அவளைத் துரத்துவதாக ஊர் பேசியது. அந்த ஆறு மாதமும் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்குக் கண்ணில் வேர்வை பட்டு எரிந்தது. வேர்வைதான்.

கடைசி இருநூறு மீட்டர் நினைவில்லை. வளைவின் ஒரு காலைக் கழற்ற ஸ்பேனரோடு ஒரு ஆள் நின்றான், அவனை ரூபா தெலுங்கில் திட்டியது மட்டும் கேட்டது. மூன்று மணி பதினான்கு நிமிடம் நாற்பது விநாடி. உள்ளே விழுந்துவிட்டேன். மெடல் போட்டார்கள். ரத்தினம்மா ஓடிவந்தாள். "இன்னாயா, வாய் உள்ள போயிக்கீது?" என்றாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அத்தனை பேர் நடுவில் வாட்டர் பாட்டிலைத் திறந்து பல்லைக் கழுவி, முந்தானையில் துடைத்து, என் வாயில் மாட்டிவிட்டு, "மெடலு கழுத்துல, பல்லு பாக்கெட்டுல. உன்ன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்றாள். சொல்லும்போது அழுதுகொண்டிருந்தாள். சீனு ஸ்கூட்டரில் வந்து என் ரோஸ் ஷூவோடு போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். சிட்டிபாபு அதைக் கடையில் ஒட்டியிருக்கிறான்.

இனி முக்கிய விஷயம். பெண்களில் ரூபா இரண்டாம் இடம். மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கில், "ரூபா, கங்காதர நெல்லூர்" என்றார்கள். வடமாலபேட்டை இல்லை, சம்பந்தி. பேர் கொடுக்கும்போது ஊர் என்ற இடத்தில் உங்கள் ஊரைத்தான் எழுதியிருக்கிறாள். ரத்தினம்மாவுக்கு ஐந்து நிமிடம் வருத்தம், பிறகு சரியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஜில்லா அளவில் ஓடிய பெண்ணைப் பத்தாவதோடு நீங்கள் நிறுத்தியதை அவள் என்னிடம் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. தங்கச்சிதான் கல்யாணத்தின்போது பேச்சுவாக்கில் சொன்னது. மேடையில் நின்றபோது அவள் கண் கூட்டத்தில் எதையோ தேடியது. எதை என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆகவே, தாங்கள் ஒப்படைத்த காரியத்தை என்னால் முடிக்க முடியவில்லை என்பதையும், இனிமேல் முயற்சி செய்யப்போவதில்லை என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்த தடவை நீங்கள் மேடைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வேண்டும். விருப்பமிருந்தால் ஓடவும் செய்யலாம். நம் இரண்டு குடும்பத்துப் பெரியவர்களில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிய முதல் ஆள் என்ற முறையில், உங்களுக்குப் பயிற்சி கொடுக்க நான் தயார். முதலில் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பழகுங்கள். ஷூ வாங்கத் திருப்பதிக்கு நானே கூட வருகிறேன்.

இரண்டு வீட்டு அடுப்பும் அணையாமல், இரண்டு வீட்டுக் காலும் மரத்துப்போகாமல் இருக்க மலைமேல் இருப்பவர் அருள வேண்டும். தங்கச்சிக்கு என் அன்பு. தங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
அப்பாவு (எண் 728)

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில், ஓட்டத்தின் போட்டோக்கள் வந்துவிட்டன என்று ரூபா போனை நீட்டினாள். என் படத்தைத் தேடித் தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு அம்மாள், புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டி, நீல நிற மெத்து ஷூ போட்டு, சிரித்துக்கொண்டே வளைவுக்குள் நுழைகிறார். நேரம் இரண்டு மணி இருபத்தொரு நிமிடம். பெரிதாக்கிப் பார்த்தேன். நம் வரலட்சுமி தங்கச்சி. ரூபாவைக் கேட்டதற்கு, "எட்டு மாசமா கரும்புத் தோட்டத்த சுத்தி ஓடறாங்க மாமா, நைனாக்குத் தெரியாது" என்கிறாள். தன் ஓட்டம் முடிந்ததும் அம்மாவோடு கடைசி இரண்டு கிலோமீட்டர் ஓடி, டீ வாங்கிக்கொடுத்து, சித்தூர் பஸ் ஏற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் என்னை மீட்க வந்தாளாம். ஆகவே முதல் ஆள் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். பயிற்சி கொடுப்பதாகச் சொன்னதையும் அடித்துவிடவும். உங்கள் வீட்டிலேயே என்னைவிட நல்ல ஆள் இருக்கிறது. அன்றைக்குத் தங்கச்சி புத்தூரில் ஒரு காதுகுத்துக்குப் போவதாக உங்களிடம் சொல்லியிருக்கிறதாம். அப்படி ஒரு காதுகுத்து நடக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு என்று நீங்கள் கொடுத்தனுப்பிய வெல்லத்தைத் தங்கச்சி ஓட்டம் நடத்துகிறவர்களிடம் கொடுத்துவிட, அவர்கள் பதினைந்தாவது கிலோமீட்டர் பந்தலில் உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். இந்த வருடம் பாகு நன்றாக வந்திருக்கிறது.